பிரேக் இல்லாத பலகை

லண்டனில் இருபது வருடத்துக்கு மேலாகக் கார் பழக்கிக்கொண்டிருக்கிறேன். லூயிஷாமிலும் அதைச் சுற்றியும் என்னிடம் பழகி லைசென்ஸ் எடுத்த தமிழ்ச் சனம் நிறைய. தமிழில் விளங்கப்படுத்துவேன், கத்தமாட்டேன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. கத்தாமல் இருப்பதற்குக் காரணம் பொறுமை இல்லை. என் காரில் பிரேக் இரண்டு. ஒன்று பழகுபவரின் காலடியில், மற்றது என் காலடியில். "அண்ணை, பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ரவுண்டபவுட்டுக்குள் பாய்பவர்களை என் வலது கால்தான் காப்பாற்றி வந்திருக்கிறது. வாய் பேச வேண்டிய தேவை குறைவு.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த ஒரே மகள், பிரேக்கே இல்லாத ஒரு பலகையில் குப்புறப் படுத்து, தலையை முன்னால் கொடுத்து, ஐஸ் தடத்தில் மலையிலிருந்து கீழே பாய்கிறவள். அந்தப் போட்டிக்குப் பெயர் ஸ்கெலிட்டன். எலும்புக்கூடு. பெயரைக் கேட்ட அன்றே எனக்கு அது பிடிக்கவில்லை.

பள்ளிக்கூடத்திலும் பல்கலைக்கழகத்திலும் அவள் குறுந்தூரம் ஓடுபவள். பொறியியல் படித்து முடித்து, ஒரு நல்ல கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து, இந்தப் போட்டிக்கென்று வேகமாக ஓடும் பெண்களைத் தேடி ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். போனாள், எடுபட்டாள். இந்த நாட்டில் அந்தப் போட்டிக்கான முழு ஐஸ் தடம் ஒன்றுகூட இல்லை. மேற்கே ஒரு நகரத்தில், பலகையைத் தள்ளிக்கொண்டு ஓடி ஏறிப் படுக்கும் தொடக்கத்தை மட்டும் பழக ஓர் ஓடுபாதை இருக்கிறது. மிச்சத்தை வெளிநாட்டுக்குப் போய்த்தான் பழக வேண்டும். அப்படியிருந்தும் இந்த நாட்டுக்காரர் பதக்கம் வாங்குகிறார்கள். அது எனக்கு இன்றுவரை அதிசயம்தான்.

வீட்டில் அவள் விஷயத்தைச் சொன்ன அன்று நான் ஒரு பழக்குநருக்கு உரிய கேள்விகளைத்தான் கேட்டேன்.

"பிரேக்?"

"இல்லை அப்பா."

"ஸ்டியரிங்?"

"அதுவும் இல்லை. தோளாலையும் முழங்காலாலையும் அமத்தித்தான் திருப்புறது."

"ஹெல்மெற் இருக்கோ?"

"ஓம், அது இருக்கு."

அடுப்படியில் நின்ற என் மனைவி சொன்னாள்: "தலைக்குள்ளை ஏதும் இருந்தாத்தானே ஹெல்மெற் தேவை."

மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆறு மாதத்தில் வேலையையும் விட்டுவிட்டாள். கோயிலில் யாராவது "மகள் இப்ப என்ன செய்யிறா?" என்று கேட்டால், "ஒரு ட்ரெயினிங்கிலை நிக்கிறா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பொய் இல்லைத்தானே.

பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில் காருக்குள் காத்திருக்கும் நேரம் எனக்கு நிறையக் கிடைக்கும். அந்த நேரத்தில் போனில் இந்தக் கண்றாவி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. செயின்ட் மோரிட்ஸ் என்று சுவிட்சர்லாந்தில் ஒரு மலையூர். குளிர்காலத்தில் வசதியான ஆங்கிலேயர் அங்கே போய்த் தங்குவார்கள். சிலருக்கு நெஞ்சு வருத்தம், மலைக்காற்று நல்லது என்று டொக்டர் அனுப்பியிருப்பார். மற்றவர்களுக்கு வீட்டில் இருக்க அலுப்பு. வேலைவெட்டி இல்லாததால், சாமான் ஏற்றும் சறுக்கு வண்டிகளை எடுத்து ஊர்த் தெருக்களில் விட்டு விளையாடி, நடந்துபோன சனத்தை இடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ஊர்க்காரர் சத்தம் போட, இவர்களுக்கென்று தனியாக ஒரு தடம் அமைந்தது. தொடக்கத்தில் எல்லோரும் மரியாதையாக இருந்துகொண்டுதான் சறுக்கினார்கள். பிறகு எவனோ ஒருவன் குப்புறப் படுத்துத் தலையை முன்னால் நீட்டினான். வேகம் கூடியது. அந்த ஒருவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பெயர் வந்த கதையையும் படித்தேன். இரும்பிலேயே ஒரு பலகை செய்தார்களாம். மெத்தை இல்லை, மூடி இல்லை, வெறும் சட்டம். பார்க்க எலும்புக்கூடு போல இருந்ததால் அந்தப் பெயர் என்கிறார்கள். இல்லை, நோர்வே மொழிச் சொல் ஒன்று திரிந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஒலிம்பிக் அந்த மலையூரில் நடந்த இரண்டு தடவையும் இந்தப் போட்டியைச் சேர்த்தார்கள். அதன்பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் மறந்துபோனார்கள். புத்தி வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட, அடுத்த பத்தியிலேயே இந்த நூற்றாண்டில் திரும்பவும் சேர்த்துவிட்டார்கள் என்று இருந்தது. இந்த முறை பெண்களுக்கும் சேர்த்து. அந்தப் பழைய தடத்திலோ பெண்களைப் பல காலம் அண்ட விடவில்லையாம். அதைப் படித்தபோது மட்டும் என் கோபம் திசை மாறியது. என் பிள்ளையை நான் மறிக்கலாம். நீ யார் மறிக்க?

பிறகு விதிகள். நான் சட்டப் புத்தகத்தை மதிக்கிறவன். வீதிச் சட்டத்தைத் தமிழில் வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தே வயிறு வளர்த்தவன். இதையும் அப்படித்தான் வாசித்தேன். பச்சை விளக்கு எரிந்ததும் குறித்த நேரத்துக்குள் ஓடத் தொடங்க வேண்டும். தானேதான் தள்ள வேண்டும், வேறு யாரும் கை கொடுக்கக் கூடாது. ஆளும் பலகையும் சேர்ந்து இவ்வளவு நிறைக்கு மேல் போகக் கூடாது. ஆள் மெலிவென்றால் பலகையில் நிறை சேர்க்கலாம். நேரத்தை வினாடியின் நூறில் ஒரு பங்குவரை அளப்பார்கள். ஒரு தரம் நன்றாக வந்தால் போதாது, எல்லா ஓட்டத்தின் நேரத்தையும் கூட்டித்தான் முடிவு.

ஒரு விதியை மட்டும் நான் இரண்டு தரம் வாசித்தேன். நடுவழியில் பலகையை விட்டு விழுந்தால் அது குற்றமில்லை. திரும்ப ஏறலாம். ஆனால் முடிவுக் கோட்டைக் கடக்கும்போது ஆள் பலகையின்மேல் இருக்க வேண்டும். பலகை மட்டும் வந்து சேர்ந்தால் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

அத்தோடு ஒரு மாணவி வந்து கார்க் கதவைத் தட்டினாள், நான் போனை மூடிவிட்டேன். விதிகளில் பாதிதான் வாசித்திருந்தேன். மீதியை வாசிக்காமல் விட்டதில் இருந்துதான் வினை தொடங்கியது.

போன குளிர்காலம், ஒரு வெள்ளிக்கிழமை மகள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த வெள்ளி ஜெர்மனியில் ஒரு போட்டி. அதில் ஒழுங்காகச் செய்தால் அணியில் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் வெளியே. அப்படி அவளே சொன்னாள், சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, மழை வரும் என்று சொல்வதுபோல. பலகை அணியின் வான் வண்டியில் ஏற்கெனவே போய்விட்டதாம். அவள் கையில் கொண்டு வந்தது இரண்டு உருக்குத் தண்டுகள் மட்டும். ரன்னர் என்பார்கள். பலகைக்கு அடியில் பூட்டுவது, ஐஸில் படுவது அந்த இரண்டும்தான். மென்மையான துணியில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தாள்.

சாப்பாட்டு மேசையில் துவாயை விரித்து, தண்டை வைத்து, மண் கடதாசியால் தேய்க்கத் தொடங்கினாள். முதலில் கொஞ்சம் சொரசொரப்பானது, பிறகு அதைவிட நைசானது, பிறகு அதைவிட நைசானது. கடைசித் தாளைத் தொட்டால் வெறும் கடதாசி மாதிரி இருந்தது. வெள்ளி பின்னேரம் முழுக்கத் தேய்த்தாள், சனி காலையும் தேய்த்தாள். ஒரு கீறல் இருந்தாலும் ஐஸ் பிடித்துக்கொள்ளும் என்றாள். எதிர்க் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனி மதியம் தாயும் மகளும் மார்க்கெட்டுக்குப் போனார்கள். வீட்டில் நானும் அந்தத் தண்டுகளும் தனியே.

என்னிடம் வந்த ஒவ்வொரு காரையும் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய், பொட்டு வைத்து, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசுக்கிய பிறகுதான் முதல் பாடம் தொடங்கியிருக்கிறேன். இரண்டு பிரேக் உள்ள காருக்கே அவ்வளவு காவல் வேண்டியிருக்கிறது. ஒரு பிரேக்கும் இல்லாததற்கு? துணியைப் பிரித்தேன். தண்டுகளுக்கு விபூதி பூசி, சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். இரண்டு தேசிக்காயை மேசையில் வைத்து ஒவ்வொரு தண்டாலும் அமத்தி வெட்டினேன். கண்ணை மூடி, பிள்ளை முழுசாக வந்து சேர வேண்டும் என்று கும்பிட்டேன். வெல்ல வேண்டும் என்று கும்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

துணியைச் சுற்றி வைத்துவிட்டுப் பாடத்துக்குப் போனேன். மாணவர் வரப் பிந்தியது. போனை எடுத்து விதிகளின் மீதியை வாசித்தேன். தண்டில் எதையும் பூசக் கூடாது. தண்டைச் சூடாக்கக் கூடாது. வெளியில் குளிரில் வைத்த ஒரு தண்டோடு ஒப்பிட்டுச் சூடு அளந்து பார்ப்பார்கள். பிழை பிடித்தால் போட்டியிலிருந்து நீக்கம். எனக்கு வியர்த்துவிட்டது. கற்பூரச் சூடு ஜெர்மனிவரை நிற்காது என்பது விளங்கியது. ஆனால் குங்குமம்?

பாடத்தை முந்தியே முடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அவர்கள் இன்னும் வரவில்லை. தேசிக்காய்ச் சாற்றோடு சந்தனம் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், பாதி போனது. குங்குமக் கறை ஒன்று போகமாட்டேன் என்றது. சட்டி மினுக்குகிற பச்சைத் தேய்ப்பானை எடுத்தேன். முதல் இழுவையிலேயே சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. தேய்த்தேன். முதல் தண்டு முடிந்ததும் இரண்டாவதையும் தேய்த்தேன். கழுவி, துடைத்து, பழையபடி துணியில் சுற்றி வைத்துவிட்டு, சட்டப்படி நடந்த மனிதனாகக் கதிரையில் இருந்தேன்.

மகள் வந்ததும் துணியைப் பிரித்து ஒரு தண்டைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு மற்றதை. கை அப்படியே நின்றது.

"அப்பா, இதை என்ன செய்தனீங்கள்?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் பொட்டு, கற்பூரம், தேசிக்காய், தேய்ப்பான் எல்லாம் சொன்னேன். என் மனைவி இடையில் புகுந்தாள்: "சாமிக்கெண்டு செய்ததுதானே பிள்ளை. விடு."

"பூசை பிரச்சினை இல்லை அம்மா. அது துடைச்சாப் போயிருக்கும். தேய்ச்சதுதான் பிரச்சினை." என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு நாளா நான் இதிலை இருந்து தேய்ச்சதை முன்னாலை இருந்து பாத்தனீங்கள். இது கீறும் எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது பிள்ளை."

"உண்மையாவோ?"

"உண்மையா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, சொரசொரப்பான முதல் தாளை எடுத்தாள். ஒன்றை நான் தேய்க்கிறேன் என்று கை நீட்டினேன். "தொடாதேங்கோ" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருட்டும்வரை தேய்த்தாள், ஞாயிறு காலையும் தேய்த்தாள். அவ்வளவு கீறலும் அந்த நேரத்துக்குள் போகாது, அங்கே போனால் பயிற்சி ஓட்டம்தான், தேய்க்க நேரம் இராது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மதியம் விமான நிலையத்துக்குப் போகும்போது என்னைக் காரை எடுக்க விடவில்லை, ரயிலில் போனாள்.

வெள்ளிக்கிழமை போட்டியை இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். அந்த நேரம் பார்த்து என் மாணவி ஒருவருக்கு டெஸ்ட். மூன்று தரம் தவறிய, என் வயதுப் பெண். அவர் பரிசோதகரோடு காரில் போய்விட, நான் டெஸ்ட் சென்டரின் காத்திருப்பு அறையில் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். முதல் ஓட்டத்தில் மகள் நடுத்தரமான நேரத்தில் வந்தாள். பயந்த அளவுக்குப் பிழையில்லை. இரண்டாவது ஓட்டத்துக்குப் பச்சை விளக்கு எரிந்தது. குனிந்து ஒரு கையால் பலகையைத் தள்ளிக்கொண்டு ஓடினாள், பாய்ந்து படுத்தாள். அவள் நாடிக்கும் ஐஸுக்கும் நடுவில் ஒரு கைகூட நுழையாது. என் வலது கால் காத்திருப்பு அறையின் தரையை அமத்தியது.

நீண்ட வளைவு ஒன்றில் பலகை மேலே ஏறி, சுவரில் அடித்து, பிரண்டது. மகள் கீழே. ஒரு கை மட்டும் பலகையின் பிடியில், உடம்பு ஐஸில் இழுபட்டுப் போகிறது.

இதை எழுதாமல் விட்டால் இந்தக் கதையை எழுதியே பிரயோசனம் இல்லை. அந்தக் கணத்தில் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. நிம்மதி. சரி, முடிந்தது, இனி வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று ஒரு நிம்மதி. ஒரு வினாடி இருந்திருக்குமா? போட்டி நடத்துபவர்களின் மணிக்கூட்டில் அளந்தால் அது நிறைய நேரம். அதற்குள் எனக்கு அந்தப் பச்சைத் தேய்ப்பானின் சரசரப்பு காதில் கேட்டது. முதல் இழுவையிலேயே கேட்டது அது. உருக்கு கீறுப்படும் சத்தம் எனக்குத் தெரியாதா? எத்தனை கார்க் கதவில் கேட்டிருக்கிறேன். கேட்ட பிறகும் இரண்டாவது தண்டை எடுத்துத் தேய்த்தவன் நான்.

திரையில் அவள் மற்றக் கையையும் எட்டிப் போட்டாள். முழங்காலை இழுத்தாள். "ஏறு" என்றேன். அறையில் இருந்த மற்றப் பழக்குநர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏறு பிள்ளை, ஏறு!" என்று எழுந்து நின்று கத்தினேன். வயிறு பாதி, கால் பாதியாகப் பலகைமேல் ஏறிக் கிடந்தபடி கோட்டைக் கடந்தாள். கடைசி இடம். ஆனால் பெயர் பட்டியலில் இருந்தது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மாணவி வந்து, "அண்ணை, பாஸ்!" என்று கையைப் பிடித்தார். என் முகத்தைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "எனக்காக அழுற அளவுக்கு நல்ல மனுசன் நீங்கள்" என்றார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை லூயிஷாம் ரயில் நிலையத்துக்குப் போய் நின்றேன். அவள் வரச் சொல்லவில்லை, தாய்தான் நேரம் சொன்னாள். தோளிலும் நாடியிலும் காயத்தோடு வந்தாள். என்னைக் கண்டதும் பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு முன்னால் ஏறினாள். துணி சுற்றிய தண்டுகளை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வெளியிலை விட்டிட்டினம்" என்றாள். "அடுத்த ஒக்டோபரிலை திரும்ப ட்ரையல் இருக்கு. போவன்."

முதல் சிவப்பு விளக்கில் நின்றோம். முன் காரின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அண்டைக்குக் கேட்டனீ எல்லோ, தெரியாதா எண்டு. தெரியும். தேய்க்கேக்கை சத்தம் கேட்டது. நிப்பாட்டேல்லை."

"எனக்கு அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்களாச் சொல்லுவீங்களோ எண்டு பாத்தனான்."

விளக்கு பச்சையாகியது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். என் வாழ்நாளில் நான் காரை நிறுத்திவிட்டுப் பச்சைக்கு எடுக்காமல் நின்றது அந்த ஒரு தரம்தான்.

"விழுந்தது அதாலையோ பிள்ளை?"

இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்று மனம் கிடந்து அடித்தது. "தெரியாது அப்பா" என்றாள். "அந்த வளைவுக்குள்ளை லேட்டா அமத்தினனான். அதாயும் இருக்கும். மற்றதாயும் இருக்கும். ஆராலும் சொல்லேலாது."

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மேசையில் துவாய் விரித்திருந்தது. ஒரு தண்டு அவள் பக்கம். மற்றது என் கதிரைக்கு முன்னால், பக்கத்தில் சொரசொரப்பான முதல் தாள்.

"ஒரே பக்கமா" என்றாள். "முன்னுக்கு இருந்து பின்னுக்கு. திரும்பி வரக் கூடாது."

தேய்த்தேன். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். விரல் நுனி எரிந்தது. என் தண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"இல்லை. திரும்ப."

நான் பழகுபவர்களிடம் சொல்வதைவிட இரக்கமில்லாத குரல். தண்டை வாங்கி முதல் தாளில் இருந்து திரும்பத் தொடங்கினேன். அதே சரசரப்பு. இந்த முறை அதைக் கேட்டுக்கொண்டே தேய்த்தேன்.